கதவில் எரியும் எண்

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு கதவிலும் ஓர் எண் எரியும். படிப்பு, வேலை, வீடு மூன்றிலும் பெற்றோரைவிட எத்தனை படி ஏறியிருக்கிறோம் என்ற கணக்கு அது. கல்லூரி இடமோ பதவியோ, பெரிய எண்ணுக்கே முதலில். எதிர்வீட்டுச் சொர்ணலதாவுக்கு ஒன்பது, எனக்கு இரண்டு. இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே சம்பளம். ஆனால் அவள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். என் அப்பா வங்கி மேலாளர்.

இன்று பதவி உயர்வும் ஒன்பதுக்கே போனது.

"எங்கப்பாவும் மூட்டை தூக்கியிருக்கலாம்ல? கொடுத்துவெச்சவ அவ!" என்று வீட்டில் பொருமினேன்.

கேட்டுக்கொண்டிருந்த என் மகள் கவின்மதி உள்ளே போய், ஒரு ராஜினாமாக் கடிதத்தை அச்செடுத்து வந்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடும்மா. நான் காலேஜ் சேர்றதுக்குள்ள நீ மூட்டை தூக்கப் போயிடு."