அரிசி இழுக்கும் சொம்பு

அரிசியை இழுக்கும் சொம்பு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறதாம். அந்த ஒன்றை ரகுநந்தன் இதுவரை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறான்.

வித்தை பெரிதில்லை. சொம்புக்கு அடியில் ஒளித்து வைத்த காந்தம். இரும்புத்தூள் கலந்து காயவைத்த அரிசி. கிட்டே கொண்டுபோனால் துள்ளி ஒட்டிக்கொள்ளும். இடி விழுந்த சொம்பு, வெளிநாட்டுக்காரன் கோடி கோடியாகக் கொட்டுவான் என்று அளந்துவிட்டால் போதும், படித்தவனுக்குத்தான் முதலில் எச்சில் ஊறும்.

ஸ்ரீசிட்டி கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் தருணுக்கும் ஊறியது. பெண்டாட்டியின் தங்க வளையல்களை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

மீதியைக் கொடுத்துச் சொம்பை வாங்கிப்போக, அவனுடைய மாமனார் பாலையா சத்தியவேட்டிலிருந்து திருப்பதி லாட்ஜுக்கு வந்திருந்தார். நிலத்தை அடகு வைத்த பணம் என்று மடியிலிருந்த துணிப்பையைத் தட்டிக் காட்டினார்.

ரகுநந்தன் பக்தியோடு தன் அரிசிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"அத்த மடிச்சு உள்ள வெய்யி நைனா. அதுல இன்னா கலந்து வெச்சிக்கிறியோ, எவன் கண்டான்? நான் எங்க ஊட்டு அட்சதை எடுத்தாந்துகீறேன். காணிப்பாக்கத்துல புள்ளையார் கால்ல வெச்சது."

ரகுநந்தனுக்கு வியர்த்தது. "அரிசி சுத்தமா இருக்கணும் பெரியவரே. மஞ்சள் கலந்தா சொம்பு கோவிச்சுக்கும்."

"புள்ளையாரையே கோவிச்சுக்கிற சொம்பு எனுக்கு எதுக்கு? பையத் தூக்கிக்கினு கெளம்பறேன்."

"அய்யோ, இருங்க!"

பாலையா ஒரு பிடி அட்சதையைத் தட்டில் கொட்டி, சொம்புக்கு அடியில் நீட்டினார்.

அத்தனையும் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

ரகுநந்தன் வாயைப் பிளந்தான். காந்தம் இரும்பை இழுக்கும், அரிசியை இழுக்குமா? போன மாதம் சித்தூர் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய சொம்பு. அப்படியானால் இது நிஜம்! இந்தக் கிழவனிடம் நிஜத்தையா விற்பது?

"பெரியவரே, சொம்பு இனிமே விக்கிறதுக்கு இல்ல."

"அட்வான்ஸ் வாங்கிக்கினு பேச்ச மாத்துறியா? அதான் இழுக்குதே, அது எனுக்குத்தான்! யாரு வெளில? எல்லாரும் வாங்கப்பா, நாயம் சொல்லுங்க!"

கூட்டம் கூடினால் சொம்பும் போகும், மானமும் போகும். முன்னது பெரிது. பெட்டியிலிருந்த வளையல்களை எடுத்து அவர் கையில் திணித்து, வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டான்.

"நீ நல்லா இருப்பியா? வெளங்குவியா?" என்று கத்திக்கொண்டே பாலையா படியிறங்கினார்.

புதுக் கோடீஸ்வரனுக்கு ஆசை அடங்கவில்லை. லாட்ஜ் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி வரவழைத்துச் சொம்பைக் கிட்டே கொண்டுபோனான். ஒரு மணிகூட அசையவில்லை.

சொம்பில் ஒட்டியிருந்த அட்சதையில் ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தான். மஞ்சள் போனது. நெய்யும் போனது.

மிச்சம் ஒட்டியிருந்தது, அவன் கலப்பதைவிட நைசான இரும்புத்தூள்.