கிளென்னின் தகடு

இரவுப் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் தங்கள் பெயர்த் தகட்டை எடுத்துப் போய், இறங்கியதும் குடில் பலகையில் மாட்டிவிட வேண்டும். பலகை நிறைந்ததைப் பார்த்த ராஸ், ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் கயிற்றை நிறுத்தி, மலைச்சரிவின் விளக்குகளையும் அணைத்துவிட்டு வந்தான்.

"லோர்னா, உன் வீட்டுக்காரன் எங்க? இன்னைக்குப் பாத்திரம் கழுவுற முறை அவனோடது."

"அதான் ஒளிஞ்சிருக்கான், சோம்பேறி! படுக்கையில பாரு" என்று சூப்பைக் கிளறியபடியே சிரித்தாள் லோர்னா.

"பார்த்துட்டேன், இல்ல. ஆனா கிளென் தகடு தொங்குதே. இறங்கிட்டான்தானே?"

லோர்னாவின் கையில் கரண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும் இடமே தெரியவில்லை. காற்று மட்டும் ஊளையிட்டது.

"விளக்கைப் போடு, ராஸ்! 'மாட்டிடு, பின்னாடியே வர்றேன்'னு மேலயே என்கிட்ட கொடுத்தான். அந்தத் தகட்டை மாட்டினது நான்."