எஃப்.சி. வாங்கிய ஜீப்

கொட்டச்சேடு கிராமத்து மரியதாஸின் வாடகை ஜீப்புக்கு அன்று வருடாந்தர எஃப்.சி. தகுதிச் சான்றிதழ்ச் சோதனை. ஏற்காட்டுக்கு வந்திருந்த வாகன ஆய்வாளர், ஓட்டிக் காட்டச் சொல்லிப் பின்சீட்டில் ஏறினார்.

"ஏனுங்க சார், இந்தச் சோதனையவே எடுத்துட்டா நொம்ப நிம்மதிங்க" என்றார் மரியதாஸ்.

"எடுத்தா இந்த மலையில ஒரு உசிர் மிஞ்சாது. எங்ககிட்ட எந்தக் குறையும் தப்பாது, தெரியுமில்ல?"

முன்சீட்டில் இருந்த மரியதாஸின் மனைவி அற்புதம் வாயே மூடவில்லை. "வளைவு வருதுங்க, லெப்ட்ல ஒடிங்க. பஸ் வருதுங்க, ஆரன் அடிங்க. மெதுவா, மெதுவா..."

பிரேக், ஸ்டியரிங் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அந்த அம்மாளின் பேச்சைத்தான் ஆய்வாளரால் தாங்க முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க இறங்குங்கம்மா, மனுசன் நிம்மதியா ஓட்டட்டும்."

"ஐயோ, நானில்லாம ஆகாதுங்க சார்!"

ஆய்வாளர் கேட்கவில்லை. அவளை இறக்கிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து, சான்றிதழில் கையெழுத்தும் போட்டார். ஜீப் இறக்கத்தில் வேகமெடுத்தது.

மரியதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், எனக்கு ரெண்டு கண்ணுலயும் பொரைங்க. அவ சொல்லித்தான் ஓட்டறனுங்க. அடுத்த வளைவு எந்தப் பக்கமுங்க?"