குடிகாரன் விளக்கு

"இந்த வண்டி டிரிஃப்ட் பண்ண ஆகுமா தம்பி?"

கேட்டது, பாதி நரைத்த தலையோடு தோளில் துணிப்பை மாட்டியிருந்த ஓர் அம்மா.

அண்ணனுக்குத் தேநீர் புரையேறியது.

பழைய கார் விற்கும் எங்கள் கடைக்கு அந்த வயதில் வருகிறவர்கள், லிட்டருக்கு எவ்வளவு ஓடும், குடும்பத்தோடு போகலாமா என்றுதான் கேட்பார்கள். இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பக்கம் வருவது இளவட்டங்கள் மட்டும். சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். விலையைக் கேட்டதும் நடையைக் கட்டிவிடுவார்கள்.

நான் அதன் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்து உறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டு என்பது பேருக்குத்தான். ஒரு பூனைகூடக் காலை நீட்ட முடியாது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை.

யார் ஓட்டப்போகிறீர்கள், நீங்களா என்று அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

பையன் என்றார்.

அதற்குப் பிறகு அண்ணனின் வாய் ஓயவில்லை. முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்றால் இந்த வித்தை நடக்காது, இது பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. வளைவில் ஒரு மிதி மிதித்தால் போதும், பின்பக்கம் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதற்கென்றே பிறந்த வண்டி அம்மா இது என்றான்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். பிறகு, தானாகச் சறுக்குமா என்று கேட்டார்.

அம்மாக்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்பது அண்ணனுக்கு அத்துப்படி. சட்டென்று பேச்சைத் திருப்பினான்.

"தானாவா? சான்ஸே இல்லம்மா. சறுக்க விடாம பிடிச்சுக்க உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதை நாமளா ஆஃப் பண்ணாதான் உண்டு."

எப்படி என்று காட்டச் சொன்னார்.

அண்ணன் கதவைத் திறந்து அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தான். சாவியைத் திருப்பினான். ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான். அதன்மேல் ஒரு கார், காருக்குப் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகள். ஆஃப் செய்தால் இதே படம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எரியும்.

கார் தள்ளாடுவதுபோல் இருப்பதால் எங்கள் கடையில் அதற்குக் குடிகாரன் விளக்கு என்று பெயர். அண்ணன் அதையும் சொல்லிச் சிரித்தான்.

"அவன் குடிக்க மாட்டான்" என்றார் அந்த அம்மா.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான்.

அவர் அழைப்பு மணியை அமுக்குவதுபோல் பொத்தானை அமுக்கிவிட்டு விரலை எடுத்தார். விளக்கு வரவில்லை.

அப்படி இல்லை, விளக்கு வருகிற வரைக்கும் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும் என்றான் அண்ணன். தெரியாமல் கைபட்டு ஆஃப் ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று, தானே செய்து வைத்ததுபோல் பெருமையாகச் சொன்னான்.

அவர் மறுபடி அழுத்தினார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. உதடு அசையாமல் இருந்தது. நகம் வெளுத்தது. இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

விளக்கு வந்தது.

"ரொம்ப நேரம் பிடிக்குதே தம்பி."

விரலை எடுத்த பிறகும் அது எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியேதான் மற்றதைச் சொன்னார்.

பையன் ஓட்டியதும் இதே வண்டி, இதே சிவப்பு. இவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது முன்பக்கம் என்று ஒன்றே இல்லை. கண்ணாடித் தூளுக்கு நடுவே இந்த மஞ்சள் படம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது என்ன படம் என்று அன்றைக்கு இவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பையன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா சறுக்கிடுச்சு. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்தது இவருடைய அக்கா மகள். அவள் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை. உன் பிள்ளை வித்தை காட்டி என் பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று அக்கா சொன்னார். செத்தவன்மேல் பழி போடாதே, வண்டிதான் சறுக்கியது என்று இவர் அந்தப் பெண்ணைக் கிடத்தியிருந்த இடத்திலேயே நின்று சத்தியம் செய்தார். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

அண்ணன் தேநீரைக் கீழே வைத்தான். மோதின வண்டியில் எல்லா விளக்கும் எரியும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றான். மழையில் எந்த வண்டியும் சறுக்கும் என்றான்.

அன்றைக்கு மழை இல்லை என்றார் அவர். அண்ணனுக்கு ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல்.

எனக்கு வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் காரில் பின்பக்கம் கதவு கிடையாது. பக்கத்துச் சீட்டு மடங்காது, ஓட்டுநர் சீட்டை மடக்கினால்தான் வழி. அதில் அவர் இருந்தார்.

துணிப்பையிலிருந்து போனை எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டார்.

"அக்கா, நான்தான். வெச்சிடாதே."

வைக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் பேச்சும் இல்லை.

அந்த அம்மா விளக்கை விட்டுக் கண்ணை எடுத்தார்.

"பிள்ளை எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிட்டான்க்கா."