சாமியார் நிரப்பிய பாட்டில்

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தியபோதே சிப்பாய் நெட்டைக்கு விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

நல்ல சேதி சொல்கிறவர்கள் கதவைச் சாத்துவதில்லை.

ராணுவ முகாமின் மருத்துவ அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எடை பார்க்கும் மெஷின், மூலையில் ஆணுறை நிரப்பிய அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிப் பக்கம் ஒருத்தனும் போகமாட்டான். எடுப்பதைப் பார்த்தால் பக்கத்து ஆள் கேலி பண்ணியே கொன்றுவிடுவானே! குண்டுக்குப் பயப்படாத சிப்பாய்களுக்கு இந்தப் பெட்டி முன்னால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

உனக்கு வெட்டை நோய் என்றார் டாக்டர், சுற்றி வளைக்காமல்.

நெட்டைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பரிசோதனைக்குப் போன பாட்டிலில் இருந்தது அவனுடைய சிறுநீரே இல்லை.

பாஸ் வாங்கி டவுனுக்குப் போய்வந்த அத்தனை பேரும் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நோய் இருந்தால் குணமாகும்வரை லீவு கிடையாது. நெட்டைக்கோ டவுனுக்குப் போய்வந்ததிலிருந்து ஒன்றுக்குப் போனால் எரிச்சல். லீவு அடுத்த வாரம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு.

அதனால் கழிப்பறையில் வைத்துச் சாமியாரின் கையில் பாட்டிலைத் திணித்தான்.

சாமியார் என்றால் நிஜச் சாமியார் இல்லை. ரேஷன் லாரி ஓட்டுகிறவன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. ஒருநாளும் பாஸ் கேட்டு வரிசையில் நின்றதில்லை. பரிசோதனைக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தான். கல்யாணமான ஒரே வாரத்தில் முகாமுக்குத் திரும்பியவனுக்கு இப்போதுதான் முதல் லீவு. இன்று காலையில் பஸ் ஏறிவிட்டான்.

ஆக, நோய் பாட்டிலை நிரப்பியவனுக்கா? சாமியாருக்கா?

அப்புறம்தான் நெட்டைக்கு உறைத்தது. சாமியார் எதற்குப் பாஸ் கேட்கப் போகிறான்? காய்கறி ஏற்ற வாராவாரம் லாரியோடு டவுனுக்குப் போய், ராத்தங்கி வருகிறவன் அல்லவா!

அடப்பாவி!

டாக்டர் ஊசியை எடுத்து வைத்தார். கூத்தைப் பாருங்கள், தப்பான பாட்டிலைப் பார்த்துப் போடுகிற ஊசி, சரியான ஆளுக்குத்தான் ஏறப்போகிறது. வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டம். இரண்டு பேருக்கும் தண்டனை, லீவும் அம்பேல்.

நெட்டை சட்டைக் கையை மடித்துவிட்டான்.

டாக்டர் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே பேசினார். சில ஆண்களுக்கு இது இருப்பதே தெரியாதாம். பெண்களுக்குப் பெரும்பாலும் தெரியாதாம். சத்தமில்லாமல் கர்ப்பப்பைக்குள் போய்விடும், கவனிக்காமல் விட்டால் அப்புறம் பிள்ளை தங்குவதே கஷ்டம் என்றார்.

நெட்டை மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"பொண்ணு யாருன்னு தெரியுமாப்பா? அவளுக்கும் வைத்தியம் பார்த்தாகணும்."

தெரியாமல் என்ன? முகாமிலேயே சுத்தமான ஆள் இவன்தான், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டு என்று சொல்லி, சாமியாருக்கு அவளைக் கட்டிவைத்ததே நெட்டைதான்.

"என் தங்கச்சி சார். ஒரு போன் பண்ண விடுங்க, அவன் பஸ் இன்னும் ஊர் போய்ச் சேரலை."