அசையாமல் கொஞ்ச நேரம்

“யோவ் மஞ்சுநாத், ஹார்ன்ல இருந்து கைய எடுய்யா. செவிடாக்கிட்டுத்தான் போவியா?”

லாயிட்டின் காலை இப்படித்தான் தொடங்கும். மோட்டார் போடுவான். பால் பாக்கெட்டை எடுப்பான். தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்ததும் பால்கனியில் நின்று கத்துவான். காபி குடிப்பான். எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி கேப் தாமதமானால் அந்த டிரைவரிடமும் கத்துவான்.

அவன் மனைவி லவினா போன மாதம் பிரேசர் டவுனில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் சத்தம் போடவில்லை. “அரை மணி நேரம் கத்தாம இருக்க முடியும்னா சொல்லு, வர்றேன்” என்றாள்.

ஆபீஸில் தியானம் செய்யச் சொன்னார்கள். லாயிட் பால்கனியில் பாய் விரித்துக் கண்ணை மூடினான். லாரி, நாய், எங்கேயோ அழுகிற குழந்தை. மூன்று நிமிடம் தாங்கவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிர் மாடி ஜன்னலில் யுவன். தொம்மலூருக்குப் புதிதாக வந்தவன். மனைவியை இழந்தவன் என்று மட்டும் ஹவுஸ் ஓனர் சொல்லியிருந்தார். ஜன்னல் சுவருக்கு மேல் தலையும் தோளும் தெரியும். தலை லேசாகக் குனிந்திருக்கும். லாயிட் பல் தேய்த்து, குளித்து, ஷூ மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே இருப்பான்.

ஒரு நாள் குப்பை வண்டி வந்தபோது லாயிட் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“தம்பி, நீங்க உட்காருறதைத் தினமும் பாக்குறேன். எத்தனை தடவை?”

யுவன் மாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னான். “பகல்ல மூணு தடவை. ராத்திரி கணக்கில்ல.”

“எவ்வளவு நேரம்?”

“அது நம்ம கையில இல்ல சார். அசைஞ்சா போச்சு. மறுபடி முதல்ல இருந்து.”

மனதில் எதை நினைத்துக்கொள்வது என்று கேட்டான் லாயிட். ஒன்றும் நினைப்பதில்லை, மூச்சை மட்டும் பார்ப்பேன், அது சீராகிவிட்டால் போதும் என்றான் யுவன். படியேறப் போனவன் தயங்கி நின்றான்.

“நீங்க கத்தாத நாள்ல முக்கால் மணி நேரம்கூடப் போகும் சார்.”

லாயிட்டுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் லாரி ஹார்ன் அடித்தது. வாயைத் திறந்தவன் எதிர் ஜன்னலைப் பார்த்து மூடிக்கொண்டான். இறங்கிப் போய், இனி ஹார்ன் வேண்டாம், மிஸ்டு கால் கொடு என்று மெதுவாகச் சொன்னான். மஞ்சுநாத் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தான்.

அதன் பிறகு லாயிட் தினமும் உட்கார்ந்தான். முதலில் ஐந்து நிமிடம். அப்புறம் பத்து. கால் மரத்தது. கோபம் வந்தது, கொஞ்சம் இருந்தது, போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து லவினா வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போக என்றாள். அரை மணி நேரம் தாண்டியும் கிளம்பவில்லை.

“யாருகிட்ட கத்துக்கிட்ட?” என்றாள்.

கேக்கோடு இருவரும் எதிர் மாடிக்குப் போனார்கள். கதவு திறந்திருந்தது. லாயிட் கூப்பிட்டான். யுவன் திரும்பவில்லை. அவனது ஒரு விரல் மட்டும் உதட்டுக்குப் போனது.

லவினா எட்டிப் பார்த்தாள். அவன் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“இப்பல்லாம் நல்லா தூங்குறா” என்றான் யுவன் தணிந்த குரலில். “உங்களாலதான் சார்.”

லவினா கேட்டாள். “இப்படி உட்கார யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

“இவ அம்மா. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இவளை என் மடியில வெச்சா. கடைசியா என்ன சொன்னான்னு எல்லாரும் கேட்டாங்க. பெருசா ஒண்ணும் இல்ல.”

குழந்தையின் இமைகள் அசைந்தன.

“‘அசையாம உட்காருங்க. முழிச்சதும் சிரிப்பா, பாருங்க.’”