எண் போட்டால் வளரும் மரம்

த்ரீ-டி பிரிண்டரில் பிரிண்டாகி வந்த குட்டி மரங்களுக்கு மெஷின் முட்டுக் கொடுத்திருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தூளியில் என் மகன் தூங்கினான். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, மேசைமேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பெண்கள் எங்களுக்குத் தெரசா மிஸ்தான் இந்த மெஷினில் பயிற்சி கொடுக்கிறார். மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர்.

மிஸ் மரத்தைப் படமாக வரையவில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தாகவே, கட்டளைகளாக எழுதியிருந்தார். 'எத்தனை பிள்ளை' என்று அது கேட்கும். எண் போட்டால் அடிமரம் அத்தனை கிளையாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி அத்தனையாகப் பிரியும். அதற்குள் அது, அதற்குள் அது. பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் அதற்குள் போய்விடுவோம் போலிருக்கும்.

அவரவர் மரத்தைப் பேர் போட்டுப் பயிற்சிக்கூட வாசலில் தொங்கவிடுவதாகப் பேச்சு.

பூங்குழலி ரெண்டு போட்டாள். அழகாக வந்தது. ராமாயி அக்கா அஞ்சு போட்டார்.

"இது மரமில்லக்கா, உண்ணிச்செடிப் பொதரு," என்றாள் பூங்குழலி.

"எங்க ஊட்டுக்குள்ள வந்து பாரு. அதுவும் அப்படித்தான் கெடக்குது."

நான் ஒன்று போட்டேன். கிளையே பிரியாமல், மேலே போகப் போக மெலிந்து, ஒற்றைக் குச்சி வந்தது.

"அவசரப்படாத அருளு, அடுத்த வருசம் கிளை விடும்," என்றார் ராமாயி அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையே நிமிரவில்லை.

"அடுத்து யாரு? கண்ணாயி அக்கா, வாங்க," என்று கூப்பிட்டாள் பூங்குழலி, சிரித்த வாயோடு.

கண்ணாயி அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம். பிள்ளை இல்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாக எழுந்தார். சைபர் போட்டால் என்ன வரும்? வெறும் கட்டை.

"மெஷின் கெட்டுப்போச்சு. எல்லாரும் கிளம்புங்க," என்றார் தெரசா மிஸ். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்பத்தானுங்க மிஸ் ஓடுச்சு?" என்றாள் பூங்குழலி.

"சொல்றேன்ல? கிளம்புங்க."

வெளியே வந்ததும் பூங்குழலிக்குக் கோபம் தாங்கவில்லை. "மெஷினுக்குப் போடுற பிளாஸ்டிக் நூல் தீந்துருமாம். நமக்கெல்லாம் குடுத்துட்டுக் கண்ணாயி அக்காளுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுது பாருங்க."

மகனை எடுக்க நான் மறுபடி உள்ளே போனேன்.

மெஷின் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் கம்ப்யூட்டரில் 'பிள்ளை' என்பதை அழித்துவிட்டு வேறென்னவோ அடித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'எத்தனை கிளை வேண்டும்?'

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பூங்குழலி இன்னும் ஓயவில்லை. "மனசே இல்லாத பொம்பள."

கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியதே இல்லை. அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை.

"அப்படிச் சொல்லாத பூங்குழலி, மெஷின் கெடவே இல்ல, மிஸ்ஸு வந்து கண்ணாயி அக்காளுக்காவ…"

"அருளு, பஸ்ஸு வந்துருச்சு," ரோட்டோரத்திலிருந்து என் மகனை வாங்க இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டார் கண்ணாயி அக்கா. "சாமிய எங்கிட்டக் குடுத்துட்டு ஏறு."